போட்டோவ வெச்சு ஆளத் தேடுறது: எந்த டூல் எதுக்கு ஆகும்

சித்தி பொண்ணுக்கு ஒரு வரன் வந்துச்சு, மேட்ரிமோனி சைட்ல இருந்து. மாப்பிள்ளை லண்டன்ல டாக்டராம், அப்பா அம்மா தவறிட்டாங்களாம், பூர்வீகம் கும்பகோணம் பக்கமாம். மூணு போட்டோ போட்டிருந்தான், மூணுலயும் டூத்பேஸ்ட் விளம்பரத்துல வர்ற மாதிரி பல்லு, கலரும் கொஞ்சம் தூக்கல், "லண்டன் குளிர்ல அப்படித்தான் ஆயிடுவாங்க"ன்னு சித்தி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கிட்டாங்க. ரெண்டே வாரத்துல பையன் "உனக்கு ஒரு கிஃப்ட் பார்சல் அனுப்பிருக்கேன், கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு, ஒரு ஃபீஸ் மட்டும் கட்டி எடுத்துக்க"ங்கற கட்டத்துக்கு வந்துட்டான். அப்பதான் சித்தி எனக்கு போன் போட்டு "டேய், எப்பப் பாத்தாலும் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கியே, இந்தப் பையன் நெஜமா யாருன்னு பாத்துச் சொல்லு"ன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி ஒரு மூணு மணி நேரம் எல்லா டூலையும் போட்டுப் பாத்தேன், அதுல கத்துக்கிட்டதையும் அதுக்கப்புறம் தெரிஞ்சவங்களுக்காக நாலஞ்சு தடவ செஞ்சதையும் சேத்துத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், இது புரியாமதான் பாதி பேரு "ஒண்ணுமே வரல, எல்லாம் டுபாக்கூர்"னு விட்டுர்றாங்க. இமேஜ் சர்ச்னு சொல்றதுல ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு, நீங்க குடுத்த அதே போட்டோ வேற எங்க இருக்குன்னு தேடுறது. வெட்டியிருந்தாலும் கலர் மாத்தியிருந்தாலும் அதே போட்டோவா இருக்கணும். இன்னொண்ணு, போட்டோ வேற, சட்டை வேற, வருஷம் வேற, ஆனா மூஞ்சி அதேதான்னு கண்டுபிடிக்கறது. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவுல எவ்ளோ தூரம், தாடை எப்படி வளையுதுன்னு இந்த மாதிரி சமாச்சாரத்த எல்லாம் சேத்து மூஞ்சிய ஒரு நம்பர் வரிசையா மாத்திரும், 2015ல கூகுள்காரங்க வெளியிட்ட ஃபேஸ்நெட்ங்கற ப்ரோக்ராம்ல ஒரு மூஞ்சிக்கு 128 நம்பர். அப்புறம் எந்த ரெண்டு மூஞ்சியோட நம்பரு கிட்டக்கிட்ட வருதோ அது ஒரே ஆளா இருக்கலாம்னு சொல்லும். இருக்கலாம், அவ்ளோதான், "இதான் ஆளு, இதான் பேரு, இதான் வீடு"ன்னு எதுவும் சத்தியம் பண்ணாது.

போலி ப்ரொஃபைல் பிடிக்கறதுக்கு பெரும்பாலும் மொத சாதியே போதும், ஏன்னா திருட்டுப்பய எங்கயோ இருந்துதான் போட்டோவ சுட்டிருப்பான்.

தேடுறதுக்கு முன்னாடி போட்டோவ கொஞ்சம் தயார் பண்ணுங்க

வாட்ஸ்அப் டிபிய அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மேல டைம், பேட்டரி, கீழ பட்டன் எல்லாத்தோடயும் அப்லோட் பண்ணாதீங்க, டூல் அந்த பட்டனையும் படத்தோட பாகமாத்தான் பாக்கும். ஓரத்த எல்லாம் வெட்டிருங்க. ஒரே போட்டோவ ரெண்டு விதமா சேவ் பண்ணி வெச்சுக்கறது என் பழக்கம், ஒண்ணு முழுப்படம், இன்னொண்ணு மூஞ்சியும் கழுத்தும் மட்டும். அதே போட்டோவத் தேடுறதுக்கு முழுப்படம், மூஞ்சிய வெச்சுத் தேடுறதுக்கு வெட்டினது. நேரா பாக்குற மூஞ்சிதான் வேலைக்கு ஆகும், கூலிங் கிளாஸ், பாதி தலை திரும்பினது, ப்யூட்டி ஃபில்டர் போட்டு வழுவழுன்னு ஆக்கினது இதெல்லாம் வெச்சுக்கிட்டுத் தேடினா பக்கத்து வீட்டு ஆளெல்லாம் வருவாங்க.

இன்னொண்ணு, படத்த திருப்பிப் போட்டிருக்கானான்னு பாருங்க. கண்ணாடில தெரியற மாதிரி எடத்த வலமாக்கி போட்டா தேடுற டூல்ல மாட்டாம தப்பிக்கலாம்னு ஏமாத்துறவனுங்களுக்குத் தெரியும். நம்ம லண்டன் டாக்டர் விஷயத்துல நான் இதுல ஒரு மணி நேரம் கோட்டை விட்டேன். அப்புறம் தற்செயலா பாத்தா சட்டைப் பாக்கெட்டு வலது மார்புல இருக்கு. ஆம்பள சட்டைக்கு எங்கயாவது வலப்பக்கம் பாக்கெட் வெச்சுத் தெச்சுப் பாத்திருக்கீங்களா? பொத்தான் வரிசையும் மாறி இருந்துச்சு. போன் கேலரிலயே எடிட்ல போயி ஃப்ளிப் பண்ணேன், அதுக்கப்புறம்தான் கதையே ஆரம்பிச்சுது. பின்னாடி ஏதாவது போர்டு இருந்தா இன்னும் சுலபம், எழுத்து கண்ணாடில பாக்குற மாதிரி இடவலமா மாறித் தெரிஞ்சா அப்பவே புடிச்சிரலாம்.

கூகுள் லென்ஸ்

எல்லாரும் போற மொத எடம், போகவும் வேண்டியதுதான், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்ல ஏற்கெனவே இருக்கு, காசு கெடையாது. ஆனா மூஞ்சிக்குன்னு எதிர்பாத்தீங்கன்னா ஏமாந்து போவீங்க. டாக்டர் போட்டோவ குடுத்தேன், அது "இந்த மாதிரி நீலக் கட்டம் போட்ட சட்டை 799 ரூபா"ன்னு நாலு கடையக் காட்டுச்சு. சினிமாக்காரங்க, கிரிக்கெட் ஆளுங்க போட்டோன்னா பேரு சொல்லிரும், சாதாரண ஆளுன்னா மூஞ்சிய வெச்சு ஆளக் காட்டவே காட்டாது. டெக்னாலஜி இல்லாம இல்லங்க, செஞ்சு வெச்சிருக்கோம், ஆனா வேணும்னேதான் வெளிய விடலன்னு அந்தக் கம்பெனியோட அன்னிக்குத் தலைவர் எரிக் ஷ்மிட்டே 2011ல சொல்லிட்டாரு.

அப்புறம் எதுக்கு லென்ஸ்னா, மூஞ்சிக்குப் பின்னாடி இருக்கறதுக்கு. படத்து மேல வர்ற கட்டத்த இழுத்து மூஞ்சிய விட்டுட்டு பின்னாடி தெரியற கட்டடம், கடை போர்டு, கார் மாடல், சுவத்துல மாட்டியிருக்கற சர்டிஃபிகேட் இதுங்க மேல வைங்க. போர்டு எழுத்து எந்த மொழின்னு தெரியாட்டியும் அதே மொழிபெயர்த்துக் குடுக்கும். டாக்டரோட ரெண்டாவது போட்டோல பின்னாடி ஒரு கிளினிக் வாசல் இருந்துச்சு, லென்ஸ வெச்சா போர்டுல போர்ச்சுகீஸ் மொழில பல் டாக்டர்னு எழுதியிருக்குன்னு வந்துச்சு. லண்டன்ல எதுக்குடா போர்ச்சுகீஸ் போர்டுன்னு சித்திகிட்ட கேட்டதுக்கு "அங்க எல்லா நாட்டுக்காரனும் இருப்பான்ல"ன்னாங்க. அதுவும் சரிதான், ஒரு போர்டு மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாது.

டின்ஐ

கனடால டொராண்டோல இருக்கற கம்பெனி, 2008ல இருந்து ஓடிட்டிருக்கு, இந்த வேலைக்கு ரொம்பப் பழைய ஆளு. இதுக்கு மூஞ்சின்னா என்னன்னே தெரியாது, சுத்தமா அதே போட்டோவ மட்டும் தேடும். பாதி நேரம் ஒண்ணும் வராது, ஆனா வந்துச்சுன்னா அது பக்கா. எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது ரிசல்ட்ட பழசுல இருந்து வரிசைப்படுத்தலாம். போன மாசம் எடுத்த செல்ஃபின்னு அனுப்பின போட்டோ 2016லயே ஒரு சைட்ல இருந்ததுன்னு வந்தா மேல பேச என்ன இருக்கு. ஒரு விஷயம் மட்டும், அதுல காட்டுற தேதி டின்ஐ அந்தப் படத்த மொதல்ல எப்பப் பாத்துச்சுங்கறது, போட்டோ எடுத்த தேதி கெடையாது, அதனால அதுக்கும் முன்னாடியே எடுத்திருக்கலாம், பின்னாடி எடுத்திருக்க முடியாது. பெரிய சைஸ் எதுன்னும் வரிசைப்படுத்தலாம், ஒரிஜினல் போட்டவர்கிட்டதான் பெரும்பாலும் பெரிய சைஸ் இருக்கும்.

இன்ஸ்டாவுக்குள்ள, ஃபேஸ்புக்குக்குள்ள இருக்கறது இதுக்கு எட்டாது. அங்க இருந்து சுட்ட போட்டோன்னா இங்க ஜீரோதான் வரும், ஜீரோன்னா ஆளு நல்லவன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க.

யாண்டெக்ஸ்

ரஷ்யாக்காரனோட சர்ச் எஞ்சின், இலவசம். இலவசத்துல மூஞ்சிக்குன்னா இதுக்குப் பக்கத்துல வேற எதுவும் நிக்காது, இத நான் மட்டும் சொல்லல, போட்டோ வீடியோவ வெச்சே துப்பறியற பெல்லிங்கேட் குழு 2019 கடைசில ஒரு வழிகாட்டி போட்டாங்க, அதுலயும் கூகுள், பிங் எல்லாத்தையும் விட யாண்டெக்ஸ்தான் ரொம்ப தூரம் முன்னாடின்னு எழுதியிருந்தாங்க. ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா பக்கத்து ஆளுங்கன்னா இன்னும் நல்லா வேலை செய்யும். செய்யற வழி ஈசி, யாண்டெக்ஸ் டாட் காம் போயி இமேஜஸ் பக்கம், கேமரா ஐகான், அப்லோட். மேல ஒத்த ஜாடைல இருக்கற படமெல்லாம் வரும், அதப் பாத்துட்டு மூடிராதீங்க, கீழ இறங்கினா எந்தெந்த சைட்ல இந்தப் படம் இருக்குன்னு தனியா ஒரு லிஸ்ட் இருக்கும், நெஜ சரக்கு அங்கதான்.

ஃப்ளிப் பண்ண போட்டோவ இங்க போட்டதும் நாலாவது வரிசைல அதே ஆளு வேற சட்டைல, வெள்ளைக் கோட்டுல சிரிச்சுக்கிட்டு நிக்கறாரு. பிரேசில்ல ஒரு பல் டாக்டர் (அங்க பேசறது போர்ச்சுகீஸ்தான்), கிளினிக் சைட்ல "எங்களப் பத்தி" பக்கத்துல அவரு போட்டோ, பக்கத்துல பொண்டாட்டி, ரெண்டு பசங்க. அந்தப் பல்லுக்கு இப்ப அர்த்தம் புரிஞ்சுது. அப்புறம் நம்மகிட்ட இருந்த மூணு போட்டோவையும் அந்த சைட்டு, அதுல குடுத்திருந்த அவரோட பப்ளிக் இன்ஸ்டா ரெண்டுலயும் வெச்சு ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்தேன், மூணும் அங்க இருக்கு, அதே சட்டை, அதே வெளிச்சம், பாக்கெட்டு ஒழுங்கா எடப்பக்கம்.

யாண்டெக்ஸ்ல போடற போட்டோ ரஷ்ய கம்பெனியோட சர்வருக்குத்தான் போகுது, அதனால வீட்டுப் பொண்ணுங்க போட்டோ, குழந்தைங்க போட்டோ எதையும் நான் அங்க ஏத்த மாட்டேன், ஏமாத்துறவன் அனுப்பின போட்டோவ மட்டும்தான்.

பிங் பத்தி ஒரே வரி: கட்டத்த சுருக்கித் தேடற வசதி நல்லா இருக்கு, பொருளுக்கு எடத்துக்கு பரவால்ல, மூஞ்சிக்கு எனக்கு ஒரு தடவ கூட உருப்படியா எதுவும் வந்ததில்ல.

காசு கேக்குற மூஞ்சி டூலுங்க

பிம்ஐஸ்தான் இதுல பெரிய பேரு. 2017ல போலந்துல ரெண்டு ப்ரோக்ராமர் ஆரம்பிச்சது, அப்புறம் ஜார்ஜியா நாட்டுக்காரர் ஒருத்தர் வாங்கிட்டாரு. இது நெஜமாவே ரெண்டாவது சாதி. பத்து வருஷம் முன்னாடி எடுத்த போட்டோ, கூட்டத்துல எங்கயோ ஓரத்துல நிக்கற போட்டோ, தாடி வெச்சது எடுத்தது எல்லாத்தையும் இழுத்துட்டு வரும். 2022ல நியூயார்க் டைம்ஸ் சோதிச்சுப் பாத்து எழுதினாங்க, செய்தி சைட்டு, ப்ளாகு, கல்யாண போட்டோகிராஃபர்ங்களோட பக்கம், ஆபாச சைட்டு வரைக்கும் ரிசல்ட் வந்துச்சுன்னு. அந்தக் கல்யாண போட்டோகிராஃபர் விஷயத்த யோசிச்சுப் பாருங்க, நம்மூர்ல எத்தன ஸ்டூடியோக்காரங்க ஆல்பத்த அப்படியே சைட்ல போட்டு வெச்சிருக்காங்க, நீங்க பந்தில உக்காந்து சாம்பார் வாங்குறது கூட அதுல இருக்கும்.

சும்மா தேடினா படம் காட்டும், எந்த சைட்டுன்னு மறைச்சிரும், அதப் பாக்கத்தான் காசு. அந்தக் கட்டுரை எழுதினப்ப மாசம் 29.99 டாலர், நம்ம காசுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல. ஒரு தடவை தேடுறதுக்கு இவ்ளோ குடுக்கணுமான்னா, மறைச்ச படத்தையே கொஞ்சம் உத்துப் பாத்து, அந்தத் துண்டை யாண்டெக்ஸ்ல போட்டு நான் பாதி நேரம் வேலையை முடிச்சிருக்கேன். சோஷியல் மீடியாவுக்குள்ள தேடறதில்லன்னு அவங்களே சொல்றாங்க. உங்க மூஞ்சிய மட்டும்தான் தேடணும்னு ரூலும் இருக்கு, டிக் பண்ணித்தான் உள்ள போகணும், ஆனா நீங்க டிக் பண்ணா அது உங்க மூஞ்சிதானான்னு யாரு பாக்கறா? 2024ல ஹார்வர்ட்ல ரெண்டு பசங்க கேமரா வெச்ச மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரோட்டுல போறவங்க வர்றவங்க மூஞ்சிய பிம்ஐஸ்ல குடுத்து, அதுல வந்த சைட்டுங்கள வெச்சு கொஞ்ச நேரத்துல பேரு அட்ரஸ் வரைக்கும் எடுத்துக் காட்டினாங்க, எவ்ளோ ஆபத்துன்னு புரியவைக்கத்தான் செஞ்சோம்னாங்க, அதுக்கு எழுதின ப்ரோக்ராம வெளிய விடல.

பேஸ்செக் ஐடின்னு இன்னொண்ணு. இது சோஷியல் மீடியா ப்ரொஃபைலு, மோசடிக்காரங்க லிஸ்டு, போலீஸ்ல புடிபட்டவங்க போட்டோ இதுங்களத் தேடும், ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் 100க்கு இவ்ளோன்னு ஒரு மார்க்கு போடும். காதல் மோசடி சந்தேகம்னா பிம்ஐஸ விட இதுதான் சட்டுனு உதவும், ஏன்னா ஒரே மூஞ்சிய நாலு பேருல நாலு நாட்டுல போட்டு ஏமாத்தியிருந்தா இங்க ஏற்கெனவே யாராவது போட்டிருப்பாங்க. நான் பாத்தப்ப கிரிப்டோலதான் காசு கேட்டுச்சு, அதோட நான் ஒதுங்கிட்டேன். மார்க்கு 90க்கு மேல இருந்தா மட்டும் உக்காந்து பாருங்க, எழுபது எம்பதெல்லாம் ஜாடைதான்.

கிளியர்வியூன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, அது போலீஸ் மாதிரி அரசாங்க ஆளுங்களுக்குத்தான், நமக்குக் கெடைக்காது. "கிளியர்வியூ லாகின் இருக்கு, 5000 ரூபா குடு, ஆள எடுத்துத் தர்றேன்"னு டெலிகிராம்ல ஒருத்தன் வந்தா அவனே ஒரு மோசடிதான்.

ரிசல்ட்ட நம்பறது எப்படி

இங்கதான் நெறைய பேரு தப்பு பண்றாங்க. 2019ல அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், மூஞ்சி ஒப்பிடற 189 அல்காரிதத்த எடுத்து சோதிச்சாங்க, நெறைய அல்காரிதம் வெள்ளைக்காரங்க மூஞ்சிய விட ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க மூஞ்சிங்கள்ல ரெண்டு வேற வேற ஆள ஒரே ஆளுன்னு 10 மடங்குல இருந்து 100 மடங்கு வரைக்கும் ஜாஸ்தியா தப்பா சொல்லுச்சு. டெட்ராய்ட் பக்கத்துல 2020 ஜனவரில ராபர்ட் வில்லியம்ஸ்னு ஒருத்தர பொண்டாட்டி புள்ளைங்க கண்ணு முன்னாடியே போலீஸ் புடிச்சிட்டுப் போச்சு, கம்ப்யூட்டர் தப்பா காட்டின மூஞ்சிய வெச்சு. போலீஸே இப்படின்னா ராத்திரி பதினோரு மணிக்கு போன்ல பாக்குற நாம எம்மாத்திரம்.

அதனால மூஞ்சி ஒத்துப்போச்சுன்னு மட்டும் விட்டுறாதீங்க. காது பாருங்க, காது மடல் ஆளுக்கு ஆள் நல்லாவே மாறும், ஃபில்டர்காரன் காதத் தொட மாட்டான். மச்சம், தழும்பு, முடி எந்த எடத்துல இருந்து வகிடு பிரியுது. அதே போட்டோவே வேற எடத்துல கெடைச்சா மட்டும்தான் நான் திருட்டுப் போட்டோன்னு சொல்வேன், ஒத்த ஜாடை கெடைச்சா வாய மூடிக்குவேன்.

அப்புறம் ஒண்ணுமே கெடைக்கலன்னா? ஏஐ மூஞ்சியா இருக்கலாம். உலகத்துலயே இல்லாத ஆளோட மூஞ்சிய நொடில செஞ்சு தர்ற சைட்டு 2019லயே வந்திருச்சு, அப்படி செஞ்ச மூஞ்சி பெரும்பாலும் எந்த டூல்லயும் சிக்காது, புதுசா பொறந்த மாதிரி சுத்தமா இருக்கும். ரெண்டு காதுலயும் வேற வேற கம்மல், கண்ணாடி ஃப்ரேம் ஒரு பக்கம் கரைஞ்சு போறது இதெல்லாம் முன்ன சொல்லுவோம், இப்ப வர்றதுல அதுவும் தெரியறதில்ல. இதுக்கு நான் சொல்ற வைத்தியம் ரொம்பப் பழசு, வீடியோ கால்ல வரச் சொல்லி, கைய மூஞ்சிக்கு குறுக்க மெதுவா ஆட்டச் சொல்லுங்க (மேல ஒட்டின போலி மூஞ்சின்னா அப்ப கலைய வாய்ப்பு இருக்கு), அப்புறம் நம்மூர்க்காரன்னு சொன்னா ஊருல தேர் நிக்கற தெரு எது, பஸ் ஸ்டாண்டுல இருந்து எப்படிப் போகணும்னு சும்மா கேளுங்க. கும்பகோணத்துக்காரன்கிட்ட மகாமகக் குளம் எந்தப் பக்கம்னு சித்தப்பா கேட்டாரு, சார் அன்னியில இருந்து ஆன்லைனே வரல.

யாரத் தேடலாம், யாரத் தேடக் கூடாது

உங்க மூஞ்சிய நீங்க தேடுங்க, உங்ககிட்ட காசு கேக்குறவன் காட்டின மூஞ்சியத் தேடுங்க. பஸ்ல பாத்த பொண்ணு, பிரிஞ்சு போன ஆளு, நம்பர் மாத்திட்டுப் போன ஃப்ரெண்டு, இவங்க போட்டோவத் தூக்கிக்கிட்டு வந்து "இவங்கள எப்படிக் கண்டுபிடிக்கறது"ன்னு என்கிட்ட கேட்டவங்களுக்கு நான் ஒரு லிங்க் கூட குடுத்ததில்ல. ஒருத்தங்க விலகிப் போனாங்கன்னா அதுக்கு அவங்களுக்கு ஒரு காரணம் இருக்கும். குழந்தைங்க போட்டோவ எந்தக் காரணத்துக்கும் ஏத்தாதீங்க.

அந்த பிரேசில் டாக்டருக்கு ட்ரான்ஸ்லேட்ல போட்டு ஒரு மெயில் அனுப்பினேன், உங்க போட்டோவ வெச்சு இந்தியால ஒருத்தன் பொண்ணு தேடுறான்னு. ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, ஏற்கெனவே வேற நாட்டுல இருந்தெல்லாம் இப்படி மெயில் வந்திருக்காம், நன்றின்னு சொல்லிட்டு, பொண்டாட்டிக்கு விளக்கம் சொல்றதுதான் கஷ்டமா இருக்குன்னு எழுதியிருந்தாரு பாவம். திட்டணும்னா போட்டோல இருக்கற ஆளத் திட்டாதீங்க, அவரும் ஏமாந்தவருதான்.

கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்

ப்ளாக் பண்றதுக்கு முன்னாடி சேட்டு, நம்பரு, அக்கவுன்ட் விவரம், நீங்க கண்டுபிடிச்ச ஒரிஜினல் போட்டோவோட லிங்க் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, அவன் ப்ரொஃபைல அழிச்சுட்டுப் போனா உங்ககிட்ட ஒண்ணுமே இருக்காது. காசு போயிருந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன், எவ்ளோ சீக்கிரம் பண்றீங்களோ அவ்ளோ தூரம் அவன் எடுக்கறதுக்கு முன்னாடி காசு அக்கவுன்ட்லயே நிக்க வாய்ப்பு இருக்கு. காசு போகலன்னாலும் சைபர்க்ரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல புகார் போடலாம், கம்ப்யூட்டர் வழியா ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்துறதுக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 66டின்னு பிரிவே இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். மேட்ரிமோனி சைட்லயும் ரிப்போர்ட் பண்ணுங்க, எங்க விஷயத்துல அந்த சைட்டுக்காரங்க ஒன்பது நாள் கழிச்சுத்தான் ப்ரொஃபைல எடுத்தாங்க, அதுவும் சித்தப்பா மூணு தடவ போன்ல கத்தினதுக்கு அப்புறம்.

உங்க மூஞ்சியே இருக்கக் கூடாத எடத்துல இருந்துச்சுன்னா பதறாம ஒண்ணொண்ணா போங்க. அந்த சைட்டுக்கு எடுக்கச் சொல்லி எழுதுங்க, கூகுள்ல தேடும்போது வராம இருக்க கூகுள்கிட்ட தனியா விண்ணப்பம் போடுங்க, அது சைட்ல இருந்து போகாது ஆனா தேடுறவன் கண்ணுல படாது. அந்தரங்கப் போட்டோன்னா ஸ்டாப்என்சிஐஐ டாட் ஆர்க், அதுல போட்டோவ அப்லோடே பண்ண வேண்டாம், உங்க போன்லயே அதுக்கு கைரேகை மாதிரி ஒரு கோட் (code) செஞ்சு அது மட்டும்தான் போகும், அதுல சேந்திருக்கற கம்பெனிங்க அந்த கோட் வெச்சு அந்தப் போட்டோவத் தடுப்பாங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு டேக் இட் டவுன்னு தனியா ஒண்ணு இருக்கு.

பிம்ஐஸ்ல உங்க மூஞ்சி இனி யாருக்கும் வரக் கூடாதுன்னா அவங்க சைட்ல ஆப்ட் அவுட் ஃபார்ம் இருக்கு, இலவசம். போட்டோ ஒண்ணும் ஐடி கார்டு ஒண்ணும் கேப்பாங்க, கார்டுல மூஞ்சி தவிர நம்பரு, அட்ரஸ், பொறந்த தேதி எல்லாத்தையும் கறுப்பு போட்டு மறைச்சிட்டு அனுப்புங்க, அது போதும். அனுப்பிட்டு ஒரு மாசம் கழிச்சு தாடி வெச்ச போட்டோ, தாடி எடுத்த போட்டோ ரெண்டையும் போட்டுத் திரும்பத் தேடிப் பாருங்க, சில சமயம் ஒரு மாதிரி மூஞ்சி போயி இன்னொரு மாதிரி மூஞ்சி தங்கிரும், அப்ப ஃபார்ம இன்னொரு தடவ நெரப்ப வேண்டியதுதான்.